வைத்தியத்திற்கு அடிகோலிய விஞ்ஞானி: எல்லாப்பிரகட சுப்பாராவ்

நமது கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் வெளியிடும் இவ்விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியராகிய எம்மிடம் அவர்கள் ஒரு புலவர் வரலாற்றையே எதிர்பார்த்திருப்பர். 1807ஆம் ஆண்டிலே கற்பிட்டியிற் பிறந்து, தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து 1859இல் ஆங்கிலத்தில் நூலாக்கிய சைமன் காசிச்செட்டி அவர்களைப் பற்றி எழுதலாமென்றே நாமும் முதலில் எண்ணினோம். ஆயின், பல ஆண்டுகளாக எம் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு நிகழ்ச்சி எம்மை வேறொரு பெரியாரிடம் இட்டுச் சென்றது. அந்நிகழ்ச்சியை முதலிற் கூறுவோம்.

எம்மிடம் தமிழ் கற்ற மாணாக்கர் ஒருவர் உயர்தர வகுப்பிலே உயிரியற் பிரிவில் முதல்வராக விளங்கினார். வைத்தியராவதே அவருடைய ஒரே நோக்கம். அவருடைய பெற்றோரும் ஊராரும் அவரை வைத்தியர் என்றே அழைக்கத் தொடங்கிவிட்டனர். பரீட்சை முடிவு வந்தபோது மருத்துவ பீடத்திற்கு வேண்டிய இசட் புள்ளிக்குச் சிறிதளவு குறைந்திருந்தது. விஞ்ஞான பீடத்தில் இடம் கிடைத்தது. என்ன செய்வதென்று அவர் எம்மிடம் வந்து கேட்டார். ஏதாவதொரு விஞ்ஞானப் பட்டப்படிப்பிற் சேர்ந்து இப்போதைக்குக் காலத்தைக் கழிக்கும்படியும், பின்பு வைத்தியத்திற்கு ஒரு வழி பிறக்குமென்றும் நாம் கூறினோம். அவரும் அவ்வாறே சேர்ந்தார். ஆனால், இரசாயன ஆய்வுகூடத்தைப் புகைவண்டிக்குக் காத்திருப்போர் தங்கும் மண்டபமாகவே அவர் கருதினார். வண்டி வரவில்லை. இரண்டாம் ஆண்டிலேயே படிப்பைக் கைவிட்டு ஊர் திரும்பினார். அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அம்மண்டபத்திற்கு வழிகாட்டியவர் நாமே.

அந்நாளில் நாம் சுப்பாராவ் அவர்களின் வரலாற்றை அறிந்திருப்போமாயின் வேறு விதமாக விடை கூறியிருப்போம்.

நமது கரையோர மக்களிற் பெரும்பாலார் அப்பெரியாரின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் அவர் தலைமையில் உருவான மருந்தை உட்கொள்ளாதவர் சிலரே. சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி ஆகிய ஊர்களிலே யானைக்கால் நோயால் வீங்கிய கால்களுடன் திண்ணையில் அமர்ந்திருந்த முதியோரை நம்மில் நடுவயதை எய்தியவர்கள் கண்டிருப்பர். அந்நோயைப் பரப்பும் நுளம்பு, தேங்காய் மட்டை ஊறும் கிடங்குகளிலும் கழிவுநீர் தேங்கும் வாய்க்கால்களிலும் பெருகுவது. தென்னையால் வாழும் நம் நிலத்திற்கு அது நீங்காத சாபமாக இருந்தது. 2002ஆம் ஆண்டு முதல் 2006ஆம் ஆண்டு வரை, ஆண்டுக்கொருமுறை, புத்தளம் உட்பட எட்டு மாவட்டங்களிலே சுகாதாரத் துறையினர் மக்களுக்குக் குளிசைகள் வழங்கினர். நாமும் அவற்றை விழுங்கினோம். 2016ஆம் ஆண்டிலே, யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இருந்த நிலை இலங்கையில் ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. அக்குளிசைகள் இரண்டனுள் ஒன்று டைஈதைல்கார்பமசீன் என்பது. அதனை உலகிற்கு அளித்த ஆய்வுகூடத்தின் தலைவரே எல்லாப்பிரகட சுப்பாராவ்.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆம் நாள், அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததும் இக்காலத்து ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளதுமான பீமவரம் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம் வருமானத்துறையிலே சிறிய உத்தியோகம் வகித்தவர். நோயினால் அவ்வுத்தியோகத்தையும் முன்னதாகவே விடவேண்டியவரானார். தாயார் வெங்கம்மா. பிள்ளைகள் பலர். வீட்டில் வறுமை குடிகொண்டிருந்தது.

இளமையிலே சுப்பாராவ் படிப்பிற் சிறந்தவராக விளங்கினாரல்லர். பதின்மூன்று வயதளவில் வீட்டைவிட்டு ஓடிக் காசிக்குச் சென்று, அங்கே வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாமென்று புறப்பட்டாராம். வழியிலேயே தடுத்து அழைத்துவரப்பட்டார். மகன் கற்றேயாக வேண்டுமென்பதில் தாயார் உறுதியாக நின்றார். மெட்ரிக்குலேசன் பரீட்சையிலே சுப்பாராவ் இருமுறை தவறினார். மூன்றாம் முறை சென்னை இந்து உயர்தரப் பாடசாலையிலிருந்து தோற்றியே சித்தியெய்தினார். இன்று நம் மாணாக்கர்க்கும் பல்கலைக்கழகம் புக மூன்று தடவைகளே வாய்ப்புண்டு. மூன்றாம் தடவைக்காகப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உறக்கமின்றி இருப்போர் இவ்வொன்றை நினைவிற் கொள்வாராக: பிற்காலத்தில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர், பாடசாலை இறுதிப் பரீட்சையை மூன்றாம் முறையிலேதான் தாண்டினார்.

கல்லூரி வாழ்வு

அக்காலத்திலே மெட்ரிக்குலேசன் முடித்த ஒருவர் நேரே வைத்தியக் கல்லூரிக்குட் செல்லல் இயலாது. இடைநிலை வகுப்பு எனப்பட்ட இரண்டாண்டுக் கல்வியை ஒரு கலைக்கல்லூரியிலே முடித்த பின்னரே வைத்தியக் கல்லூரியின் வாயில் திறக்கும். சுப்பாராவ் அவ்வகுப்பைச் சென்னை மாநிலக் கல்லூரியிலே கற்றார்.

இக்காலப் பகுதியிலே அவருடைய உள்ளம் துறவை நாடியது. இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து தொண்டாற்ற விரும்பினார். தாயார் இசையவில்லை. மடத்துப் பெரியோரும் தாயின் இசைவின்றி அவரைத் துறவியாக ஏற்க விரும்பாது, வைத்தியம் கற்று நோயாளர்க்குத் தொண்டு செய்யலாமே என்று வழிப்படுத்தினர். அவ்வாறே அவர் சென்னை வைத்தியக் கல்லூரியிற் புகுந்தார். நண்பர்களின் உதவியும், பின்னர் மாமனாராகிய கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி அவர்களின் உதவியுமே அவரைப் படிக்க வைத்தன. அவர் மகள் சேஷகிரியைச் சுப்பாராவ் 1919இல் மணந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வைத்தியம் கற்க வேண்டுமென்பது சுப்பாராவ் பிறந்த நாள் முதலாகக் கொண்ட இலட்சியமன்று. துன்பப்படுவோர்க்கு உதவ வேண்டுமென்பதே அவருடைய இலட்சியம். வைத்தியம் அதற்கு ஒரு வழியாகக் காட்டப்பட்டது. வழியையும் குறிக்கோளையும் ஒன்றெனக் கொள்ளாமையே பின்னர் அவரைக் காத்தது.

காந்தியடிகள் அந்நியப் பொருள்களை விலக்குமாறு அழைத்த காலம் அது. சுப்பாராவ் கதராடை உடுக்கத் தொடங்கினார். சத்திரசிகிச்சை வகுப்பிற்கும் கதரிலான மேலங்கியையே அணிந்து சென்றார். அஃது ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்பைத் தேடித் தந்தது. எழுத்துப் பரீட்சையை நன்கு செய்திருந்தும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை மருத்துவ சேவையிற் சேர முயன்றார். அங்கும் இடமில்லை. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியிலே உடற்கூற்றியல் விரிவுரையாளராக அமர்ந்தார்.

இதற்கிடையில் அவர் குடும்பத்தின்மேல் ஒரு பேரிடி வீழ்ந்தது. சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியிலே அடுத்தடுத்து மாண்டனர். கிரகணி வகையைச் சேர்ந்த ஒரு நோய் அவர்களைக் கொண்டுசென்றது. உண்ட உணவின் சாரம் உடலிற் சேராது கழிய, நாவு புண்ணாகி, குருதி குன்றி, உடல் மெலிந்து உயிர் பிரியும் கொடிய நோய் அது. வெப்ப நாடுகளில் அந்நாளிற் பரவலாகக் காணப்பட்டது. சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத சிகிச்சையால் அவர் பிழைத்தார். வைத்தியம் கற்றவர் வீட்டிலேயே இருவர் மாண்டனர். அவர் கற்ற நூல்களிலே அந்நோய்க்குரிய காரணமும் இல்லை, மருந்தும் இல்லை. நோயின் பெயரையும் குணங்குறிகளையும் மனனஞ் செய்திருத்தல் ஒன்று. அது ஏன் உண்டாகின்றது என்று அறிதல் முற்றும் வேறொன்று. இரண்டாவதற்கு வைத்தியம் மாத்திரம் போதாது, அதற்கு அடியில் உள்ள விஞ்ஞானம் வேண்டும் என்பதை அக்காலத்து அனுபவங்கள் அவருக்கு உணர்த்தியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

அமெரிக்கா செல்லல்

சென்னைக்கு வந்திருந்த அமெரிக்க வைத்தியர் ஒருவரின் சந்திப்பு அவர் எண்ணத்தை மேற்றிசை நோக்கித் திருப்பியது. மாமனார் உதவியுடனும் அறநிதி ஒன்றின் துணையுடனும் கப்பலேறி, 1922ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியிலே பொஸ்டன் நகரை அடைந்தார். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் வெப்பநாட்டு வைத்தியப் பிரிவிலே கற்றார். கையிற் பணமில்லை. கையிலிருந்த சான்றிதழோ அங்கு வைத்தியராய்ப் பணியாற்ற உதவவில்லை. ஆகவே இரவுகளிலே அந்நகர வைத்தியசாலை ஒன்றில் நோயாளரின் மலசலக் கலங்களைத் துப்புரவாக்கும் ஏவலாளராக வேலை பார்த்தார். சென்னையிலே உடற்கூற்றியல் கற்பித்தவர் பொஸ்டனிலே அவ்வேலையைச் செய்தார். அதனை இழிவாக எண்ணித் திரும்பிவிட்டாரல்லர்.

வெப்பநாட்டு வைத்தியத்திலே சான்றிதழ் பெற்ற பின், உயிரிரசாயனத் துறையிலே சைரஸ் பிஸ்க் என்னும் ஆசிரியரின் கீழ் ஆராய்ச்சியாளராக அமர்ந்தார். முப்பது வயதை அணுகியவர், வைத்தியம் முடித்தவர், மீண்டும் மாணாக்கராகிச் சோதனைக் குழாயைக் கையிலேந்தினார். நம்மவர் பலர் இதனைப் பின்னடைவு என்பர். வைத்தியத்திற்கு முன்னே கற்க வேண்டிய விஞ்ஞானத்தை வைத்தியத்திற்குப் பின்னே கற்றார் என்று நகைப்போரும் இருப்பர். ஆயினும் அவருடைய புகழெல்லாம் இவ்விடத்திலிருந்தே தொடங்குகின்றது.

ஹாவார்டிற் செய்த ஆராய்ச்சி

பிஸ்க்கும் சுப்பாராவும் முதலிற் செய்தது ஓர் அளவிடும் முறையை வகுத்தமையே. குருதியிலும் சிறுநீரிலும் உடற்றசைகளிலும் உள்ள பொசுபரசின் அளவை, ஒரு நீல நிறத்தின் செறிவைக் கொண்டு கணிக்கும் எளிய முறை அது. 1925இல் வெளியாயிற்று. கேட்பதற்குச் சிறு செயலாகத் தோன்றும். எனினும் உலகின் ஆய்வுகூடங்கள் பலவற்றிலே தலைமுறை தலைமுறையாக மாணாக்கர் கற்ற முறை அதுவே.

அளக்கக் கற்றவர்க்கு அதுவரை காணாதன காணக் கிடைத்தன. தசை சுருங்குவதற்கு வேண்டிய சக்தி எங்கிருந்து வருகின்றது என்பது அக்கால அறிஞரிடையே பெரும் வினாவாக இருந்தது. தசையிலுள்ள ஒருவகைப் பொசுபரசுச் சேர்வை தசை உழைக்கும்போது குறைவதையும் ஓய்வெடுக்கும்போது மீள்வதையும் இருவரும் கண்டனர். அதுவே பொசுபோகிரியேற்றின். 1927இல் அதனை அறிவித்தனர். 1929இலே ஏ.ரி.பி. எனச் சுருக்கமாக வழங்கும் அடினோசின் முப்பொசுபேற்றைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். ஏறத்தாழ அதே காலத்தில் ஜேர்மனியிலே கார்ல் லோமன் என்பாரும் அதனைத் தனியே கண்டறிந்தார். இன்று உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணாக்கர் ஏ.ரி.பி. என்பதை எழுதாத வினாத்தாள் இல்லை. உயிரணுக்கள் சக்தியைக் கைமாற்றும் நாணயம் அது என்று கற்கின்றனர். அதனைத் தேடிக் கண்டோருள் ஒருவர், மெட்ரிக்குலேசனில் இருமுறை தவறிய பீமவரத்துச் சிறுவர் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

1930இலே சுப்பாராவ் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆயினும் ஹாவார்டிலே அவருக்கு நிலையான பேராசிரியர் பதவி வழங்கப்படவில்லை. சென்னையிற் போலவே இங்கும் ஒரு கதவு அடைபட்டது. 1940ஆம் ஆண்டிலே நியூயோர்க் மாநிலத்துப் பேர்ள் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுகூடங்களிற் சேர்ந்து, விரைவில் அவற்றின் ஆராய்ச்சித் தலைவரானார்.

மருந்துகள் பிறந்த கதை

இனி அவர் வாழ்வின் கடைசி எட்டாண்டுகள். இவ்வெட்டாண்டுகளில் அவர் தலைமையிலே நடந்தவற்றை எண்ணுங்கால் வியப்பே மேலிடுகின்றது.

முதலாவது போலிக் அமிலம். கருவுற்ற ஏழைப் பெண்களிடையே காணப்பட்ட ஒருவகைக் குருதிச்சோகை, மதுவத்தின் சாரத்தால் நீங்குவதை லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர் பம்பாயிலே 1931இற் காட்டியிருந்தார். அச்சாரத்தில் உள்ள பொருள் யாதென எவரும் அறியார். ஈரலிலும் கீரையிலும் மிக நுண்ணிய அளவில் அது இருந்தது. சுப்பாராவின் குழுவினர் அதனைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை ஆராய்ந்து, 1945இலே ஆய்வுகூடத்தில் இரசாயன முறையாற் செய்து முடித்தனர். அதனை உட்கொண்ட குருதிச்சோகை நோயாளர் தேறினர். வெப்பநாட்டுக் கிரகணி நோயாளரும் தேறினர். தம் சகோதரர் இருவரையும் கொன்ற நோய்க்குரிய மருந்தைக் கால் நூற்றாண்டின் பின் சுப்பாராவ் தம் ஆய்வுகூடத்திலே கண்டார். நமது ஊர்களிலே மருத்துவமாது கருவுற்ற தாய்மார்க்கு வழங்கும் போலிக் அமிலக் குளிசை அவ்வழியே வந்ததாகும்.

இரண்டாவது அதன் எதிரி. போலிக் அமிலத்தின் அமைப்பிலே சிறு மாற்றம் செய்தால், உடலணுக்கள் அதனைப் போலிக் அமிலமென மயங்கி ஏற்று, பெருகும் ஆற்றலை இழக்கும். வெண்குருதிப் புற்றுநோயால் வருந்தும் குழந்தைகளுக்கு இது பயன்படுமென்று பொஸ்டன் நகர வைத்தியர் சிட்னி பார்பர் கருதினார். அமினொப்டெரின் என்னும் மருந்தைச் சுப்பாராவின் ஆய்வுகூடம் அவருக்கு ஆக்கி அனுப்பியது. 16 குழந்தைகளுக்கு அதனைக் கொடுத்ததிற் பத்துக் குழந்தைகளின் நோய் சிறிது காலம் தணிந்ததை 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே பார்பர் வெளியிட்டார். நோய் மீண்டது உண்மையே. எனினும் மருந்தினால் அப்புற்றுநோயைப் பின்வாங்கச் செய்யலாம் என்பதை வைத்திய உலகம் அன்றுதான் கண்டது. அதன் உடன்பிறப்பாகிய மெதொட்ரெக்சேற் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்திற்கும் உலகெங்கும் வழங்கப்படுகின்றது.

மூன்றாவது நாம் முன்னர்க் கூறிய யானைக்கால் நோய் மருந்து. இரண்டாம் உலகப் போரிலே பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்கப் படைவீரரை அந்நோய் பற்றியது. அதற்கு மருந்து தேடிய முயற்சியின் பயனாக 1947இலே டைஈதைல்கார்பமசீன் வெளிவந்தது. அதே 1947ஆம் ஆண்டிலேதான் இலங்கையில் யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கமும் தொடங்கிற்று. சீன நாட்டார் இம்மருந்தை உப்பிற் கலந்து மக்களுக்கு ஊட்டி அந்நோயை ஒழித்தனர். உப்பு விளையும் புத்தளத்தில் வாழும் நமக்கு இச்செய்தி தனிச்சுவை தருவது.

நான்காவது ஒரியோமைசின். மண்ணிலிருந்து எடுத்த ஒருவகை நுண்ணுயிரிலிருந்து, எழுபது வயதைக் கடந்த பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியலாளர் அதனைச் சுப்பாராவின் தலைமையின் கீழ்க் கண்டார். 1948இல் அஃது உலகறிய வெளியாயிற்று. டெட்ராசைக்கிளின் என்னும் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. எலிக்காய்ச்சலைத் தடுக்க நம் வயற்காரருக்கு வழங்கப்படும் டொக்சிசைக்கிளின் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

மறைவு

1948ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, 53ஆம் வயதில், பேர்ள் ரிவரிலே உறக்கத்திலேயே மாரடைப்பினால் சுப்பாராவ் மறைந்தார். பார்பரின் கட்டுரை வெளியாகி இரண்டே மாதம் ஆகியிருந்தது. அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே இறந்தார். 1922இற் பிரிந்த மனைவியாரை அவர் மீண்டும் காணவில்லை. அவ்வம்மையார் இருபத்தாறு ஆண்டுகள் கணவரின் வரவை நோக்கியிருந்தார். பெரியாரின் வரலாற்றை எழுதுவோர் இதனை மறைத்துவிடுதல் வழக்கம். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. உலகிற்குப் பயன்பட்ட அவ்வுழைப்பின் விலையிலே பெரும்பங்கைச் செலுத்தியவர் அவ்வம்மையாரே.

1953இலே ஒரு பூஞ்சணத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1995இலே, பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, இந்திய அரசு அஞ்சல் முத்திரை வெளியிட்டது. நோபெல் பரிசு அவரைத் தேடி வரவில்லை. தம் ஆய்வுகூடத்தின் வெற்றிகளை அறிவிக்கும்போது, உடனுழைத்தோரை முன்னிறுத்தித் தாம் பின்னே நிற்பது அவர் இயல்பாக இருந்தது.

நாம் கொள்ளத்தக்கது

வைத்தியத்திற்கு முன் எந்த விஞ்ஞானத்தைக் கற்பது என்னும் வினா நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவிலே நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்த பின்னரே பெரும்பாலும் வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பர். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்பவற்றை வேண்டிய அளவு கற்றிருந்தாற் போதும். பட்டம் எத்துறையிலும் இருக்கலாம். சுப்பாராவ் காலத்துச் சென்னையிலே அது இரண்டாண்டு இடைநிலை வகுப்பாக இருந்தது. நம் நாட்டிலோ உயர்தர வகுப்பே அந்நிலை. அங்கே பெறும் இசட் புள்ளியே வாயில். விஞ்ஞானப் பட்டம் பெற்ற பின் அரச மருத்துவ பீடத்துட் புகும் வழி நம்மிடையே வழமையில் இல்லை. ஆகவே, வழி பின்பு பிறக்குமென்று சொல்லி ஒரு மாணாக்கரை ஏதோவொரு படிப்பில் இருத்துதல் அறியாமை. அதனை நாம் செய்தோம்.

சுப்பாராவின் வரலாறு தரும் விடை வேறு. நோயைத் தீர்ப்போர் கட்டிலருகே நிற்கும் வைத்தியர் மாத்திரமல்லர். அவர் கையிலுள்ள குளிசையை ஆக்கியவரும், குருதியை அளக்கும் முறையை வகுத்தவரும், உணவின் சத்தை ஆராய்ந்தவரும் நோய் தீர்ப்போரே. அவ்வழிகளுக்குரிய படிப்புகள் நம் நாட்டிலும் உண்டு. கொழும்பிலே உயிரிரசாயனம் கற்கலாம். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமும் மருந்தாக்கவியலும் கற்கலாம். நமக்கு அணித்தாயுள்ள வயம்ப பல்கலைக்கழகத்திலே உணவும் போசணையும் பற்றிக் கற்கலாம். சித்த வைத்தியத்திற்கு யாழ்ப்பாணமும் திருகோணமலையும் உள. இவற்றைத் தேரும் மாணாக்கர் தம்மைத் தாமே வினாவ வேண்டியது ஒன்றே: வைத்தியர் என்னும் பெயரை நாம் விரும்பினோமா, நோய் நீங்குதலை விரும்பினோமா? இரண்டாவதே விடையாயின், எத்துறையின் ஆய்வுகூடத்திலே நின்றால் பொழுது போவது தெரியாமல் இருக்குமோ அத்துறையைத் தேர்க. அதனைப் படிக்கட்டாக எண்ணாது வீடாக எண்ணிப் புகுக.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். நம் கல்லூரிகள் பலவற்றிலே ஆய்வுகூடத்தின் தராசும் கண்ணாடிக் குழாய்களும் அலுமாரியிலே பூட்டுண்டு கிடக்கின்றன. மாணாக்கர் பரிசோதனைகளைக் குறிப்புப் புத்தகத்திலிருந்து மனனஞ் செய்கின்றனர். தம் கையால் ஒன்றை அளந்து காணாதவர்க்கு விஞ்ஞானம் காத்திருக்கும் மண்டபமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. விழாவின் நினைவாகச் சிலர் வாயில் வளைவு அமைக்க எண்ணலாம். ஓர் ஆய்வுகூடத்தை வேண்டியவை யாவும் நிறைந்ததாக்கித் தருவது அதனினும் நெடுநாள் நிற்கும் நினைவாகும்.

ஈற்றில் ஒன்று. முதலிற் கூறிய எம் மாணாக்கர் இன்று ஊரிலே நல்ல முறையில் வாணிகம் செய்து வாழ்கின்றார். இச்சங்கத்தின் உறுப்பினராதலால் இம்மலர் அவர் கைக்கும் செல்லும். அன்று நாம் கூறிய விடை பிழையென்பதை இங்கே ஒப்புக்கொள்கின்றோம். அவர் பிள்ளைகள் வளர்ந்து அதே வினாவுடன் நம் கல்லூரி ஆசிரியர்களை நாடி வருங்காலத்திலே, அவர்களுக்கு இப்பெரியாரின் வரலாற்றைச் சொல்ல இங்கு ஒருவராவது இருப்பாராக.